என் மகளுக்கு ரசம் ஒத்துக்கொள்ளவில்லை

1

ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று இருபத்தைந்து. திண்டுக்கல்லில் என் அக்கா வீட்டுக் கூடம். என் மகள் மதி ரசம் சோற்றில் நான்காவது வாயை எடுத்தவள், அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணி எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மதி என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு வலித்தது என்று மூன்று கட்டங்கள். என் மனைவி வாணி இதைப் 'பஞ்சாங்கம்' என்பாள். மதிக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது.

நேற்றோடு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வருடம். ஜெர்மனியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை; இரவு பத்து மணிக்கு மேல் இந்த ஊரில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டாலே கீழ்வீட்டு அம்மாள் கடிதம் எழுதிக் கதவிடுக்கில் செருகுவார். இந்த அமைதியில் குளியலறைக் குழாய் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடினால் இன்றைக்கும் என் கை நோட்டைத் தேடுகிறது.

2

பதினெட்டு வருடங்களாக இங்கே இருக்கிறேன். இயந்திர உதிரிப்பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. வாணி மருத்துவமனையில் செவிலி. ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் மாலை வேலை. அதனால் வீட்டுச் சமையல் பெரும்பாலும் என் கையில்.

மதிக்குப் பதின்மூன்று வயதில் சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது சிலருடைய சிறுகுடலுக்கு ஆகாது. தும்மல் வந்து போகிற மாதிரியான ஆகாது அல்ல. குடலின் உள்சுவரே தேய்ந்து போகும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, வளர வேண்டிய வயதில் பிள்ளை வளராது. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்த மூன்றையும் தவிர்க்க வேண்டும், ஒரு துணுக்குகூடக் கூடாது.

டாக்டர் அம்மாள் இதை எங்களிடம் சொல்லும்போது முதலில் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் பெயர்களைப் பார்த்தார்.

"தென்னிந்தியாவா? அங்கே அரிசிதானே?"

"ஆமாம்."

"அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள். ரொட்டியை விட முடியாமல் எங்கள் ஆட்கள் அழுவார்கள்."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இட்லி, தோசை, பொங்கல், சாம்பார், ரசம், மோர். எங்கள் முன்னோர் இந்த ஒரு வியாதியை மனத்தில் வைத்தே சமையலைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கோதுமை மாவு, ரவை, சேமியா, பிஸ்கட், ரொட்டி சுடும் இயந்திரம், சப்பாத்திக் கட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றினேன். சோயா சாஸிலும் கோதுமை உண்டு என்று படித்து அதையும். கடையில் ஒவ்வொரு பொட்டலத்தையும் பின்பக்கம் திருப்பிப் படித்தேன். என் வேலையே அதுதான். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன்.

பள்ளி உணவகத்துக்கு டாக்டர் சான்று, பெற்றோர் ஒப்புதல், எது கூடாது என்ற பட்டியல் எல்லாம் தர வேண்டும். பாரங்களை நிரப்பிக்கொண்டு போய் உணவகப் பொறுப்பாளரிடம் நேரிலும் விளக்கினேன். கோதுமைக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல். வெள்ளைக்காரர்களுக்கும் கிட்டத்தட்ட அதே சொல். நடுவில் ஒரே ஒரு சத்தம்தான் வித்தியாசம், பதற்றத்தில் அதை விழுங்கிவிட்டேன்.

"என் மகள் வெள்ளைக்காரர்களைச் சாப்பிடக்கூடாது. கொஞ்சம்கூடக் கூடாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்."

அந்த அம்மாள் கண் இமைக்காமல் பதில் சொன்னார்: "இங்கே அது பரிமாறுவதில்லை. நிம்மதியாகப் போங்கள்."

மதி என் பக்கத்தில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்குள் நான் வரக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டாள்.

3

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடுத்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பத்தியம் சரியாக இருந்தால் ரத்தத்தில் ஓர் எண் மாதாமாதம் இறங்க வேண்டும். மதிக்கு முதல் ஆறு மாதம் இறங்கியது. பிறகு பாதி வழியில் நின்றுவிட்டது. வலி போனது, வந்தது, மறுபடி போனது. இரண்டு வருடம் ஆகியும் எடை ஏறவில்லை. டாக்டர் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த வயதுப் பிள்ளைகள் சில சமயம் வெளியே சாப்பிட்டுவிடும். மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கோடை விடுமுறை முடிந்ததும் மறுபடி ரத்தம் எடுப்போம். அப்போதும் குறையாவிட்டால் மறுபடி குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் கடுமையான மருந்துகள்தான்."

மெதுவாகக் கேட்கச் சொன்னார். நான் மதியின் பள்ளிப் பையைத் திறந்து பார்த்தேன்.

அடியில் ஒரு ரொட்டிக்கடைக் காகிதப் பை கசங்கிக் கிடந்தது. உள்ளே, இந்த ஊர் ரொட்டிகளின் மேல் தூவுகிற உப்புத் துகள். அதை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு அவள் வரும்வரை காத்திருந்தேன். வந்தாள், பார்த்தாள்.

"அது என் தோழியோடது. குப்பைத் தொட்டி நிரம்பியிருந்தது, நான் வாங்கி வச்சேன்."

"உண்மையைச் சொல்லு மதி. ஒரு தடவைதானா? திட்ட மாட்டேன்."

"நான் சாப்பிடல அப்பா."

"டாக்டரே சொல்றாங்க, இந்த வயசுல எல்லாரும்..."

அவள் அந்தக் காகிதப் பையை நான்காக மடித்தாள். பிறகு ஜெர்மன் மொழியில், வங்கியில் பேசுகிற மாதிரி சுத்தமாகச் சொன்னாள்: "நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. சரி."

அன்றிலிருந்து என்னிடம் அவள் தமிழ் பேசவில்லை. அம்மாவிடம் பேசுவாள், வாட்ஸ்அப்பில் அத்தையிடம் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு வயதுக்கு மேல் இப்படித்தான் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்குக் காரணம் தெரியும், அதனால் அந்த ஆறுதல் பயன்படவில்லை. "பிள்ளையை நம்புங்க" என்று வாணி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். எண் குறையாமல் இருக்கும்போது எப்படி நம்புவது என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

4

அந்தக் கோடையில் வாணிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் மதியும் மட்டும் திண்டுக்கல் வந்தோம்.

வாசலில் ஆட்டோ நின்றதுமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். என் அக்கா செல்விக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம், குரல் இருபது மடங்கு அதிகம்.

"ஏலே, என்னடா பிள்ளை குச்சியாட்டம் ஆயிருச்சு? அந்த ஊருல சோறு கெடைக்குதா, இல்ல பனிக்கட்டியத்தான் திங்கிறீங்களா? அப்பு, நீ வாடா தங்கம். செத்த இப்புடி உக்காரு" என்று மதியை இழுத்து உட்கார வைத்தாள்.

அக்காவுக்கு சீலியாக்கை விளக்கினேன். அவள் உடனே புரிந்துகொண்டாள். மாமா இறந்து ஐந்து வருடமாக அவள் தனியாகத்தான் இருக்கிறாள். எங்களுக்காகக் கோதுமை மாவையும் ரவையையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, அரிசி அரைக்கத் தனி மிக்ஸி ஜாரே வாங்கி வைத்திருந்தாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"மாத்திரையும் மண்ணும் வேணாம். பத்து நாளு என் கையில விடு. மொளகு ரசம், பருப்புத் தண்ணி, மோரு. தொட்டுக்கிற வெஞ்சனத்துக்கு ஒரு பொடலங்காய். காரம் இல்ல, எண்ணெய் இல்ல. பிள்ளை கன்னம் உப்பலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மாலை வயிறு முறுக்கியது. அக்கா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாள். "வாயுதான். இது உள்ள போச்சுன்னா அது ரயிலேறிப் போயிரும்." மூன்றாம் நாள் காலையில் இன்னும் வலித்தது. மோரில் இன்னும் கொஞ்சம். பகல் ஒன்று இருபத்தைந்துக்கு, முதலில் சொன்னது நடந்தது.

அன்று மாலை பக்கத்துத் தெரு டாக்டர் டிரிப்ஸ் ஏற்றினார். மதியின் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மனில், "நான் இங்கே ஒன்றும் வெளியே சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?" என்றாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

5

நெய்க்காரப்பட்டியில் அப்பா வழி நிலம் கொஞ்சம் இருக்கிறது. அதன் பட்டாவில் அக்கா பெயரை ஏற்ற நானும் அவளும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் வேலை என்றார்கள். டிரிப்ஸ் போட்ட பிள்ளையை பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போக முடியாது. பார்க்க வந்திருந்த சாதிக், "நம்ம வீட்ல விட்டுட்டுப் போ" என்றான்.

சாதிக் என்னோடு பள்ளியில் படித்தவன். திண்டுக்கல்லிலேயே பேகம்பூரில் அரிசிக் கடை வைத்திருக்கிறான். அவன் மகளை வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவனும் அவன் மனைவி நூர்ஜஹானும் மட்டும்தான்.

மதியைக் கொண்டுபோய் விட்டபோது நூர்ஜஹானிடம் நான்கு பக்கத்துக்கு எழுதிய தாளைக் கொடுத்தேன். எது கூடாது, எந்தப் பாத்திரம், எத்தனை மணிக்கு என்ன. கறி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மசாலா வேண்டாம், கஞ்சி மட்டும் போதும். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, எம் மக நிக்காஹ்வுக்குக்கூட இம்புட்டு எழுதலண்ணே."

சாதிக் எட்டிப் பார்த்தான். "மாப்ள, நீ அங்க போயி மிஷின் செய்யக் கத்துக்கிட்டியா, பயப்படக் கத்துக்கிட்டியா?"

"டேய், விளையாட்டு இல்லடா. ஒரு துணுக்கு பரோட்டா பட்டாக்கூட..."

"பரோட்டா இந்த வாசப்படி ஏறாதுண்ணே, நீங்க போங்க," என்றார் நூர்ஜஹான். சாதிக்கின் முகம் அந்த இடத்திலேயே வாடியது.

நெய்க்காரப்பட்டி ஒரு நாள் வேலை நான்கு நாளானது. முதல் நாள் அதிகாரி விடுப்பு. இரண்டாம் நாள் அவர் வந்தார், கணினி வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டும் வந்தன. அதிகாரி என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முன்னாடி இருக்குதுங்க, ஆதார்ல பின்னாடி இருக்குதுங்க. இதுல எது நீங்கங்க?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதான் என்று சொல்லத் தோன்றியது. ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அக்கா அந்த நான்கு நாளும், ரசம் இல்லாமல் பிள்ளை என்ன ஆனதோ என்று அலுவலக வாசலில் நின்று புலம்பினாள்.

ஐந்தாம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பேகம்பூர் போனோம். மதியம் இரண்டு மணி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே மதி சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறி பிரியாணியைக் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கிண்ணத்தில் தால்சா, பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் பருப்புக் குழம்பு. உதட்டில் நெய்.

"சாதிக்!" என்று கத்தினேன்.

"கத்தாத மாப்ள. பிள்ளை சாப்புடுது, எலும்பு தொண்டையில சிக்கிரும்."

நூர்ஜஹான் கரண்டியோடு வெளியே வந்தார். "மொத நாளு கஞ்சிதாண்ணே குடுத்தேன், சத்தியமா. ரெண்டாம் நாளு இவருக்கு ஆக்குனேன். பிள்ளை அடுப்படி வாசல்ல வந்து நின்னுச்சு. கேக்கல, பேசல, பாத்துக்கிட்டே நின்னுச்சு. ஒரு பிள்ளை அப்புடி நிக்கையில நான் நீங்க எழுதுன காயிதத்தைப் படிச்சுக்கிட்டு இருக்கவா?"

"வலி?"

"எந்த வலி? மூணு நாளா இதான் சாப்பாடு. நல்லாத் தூங்குது. நேத்து மாடியில எங்கூடச் சேந்து துணி காயப் போட்டுச்சு."

"நாலு நாளா எனக்குப் பரோட்டா கெடையாது," என்றான் சாதிக். "அத யாராச்சும் அந்த நோட்டுல எழுதுங்கப்பா."

மதியின் கன்னத்தில் நிறம் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், பிரியாணியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. என் அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

6

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா ரசம் வைத்தாள். கறி தின்ற வயிற்றுக்கு இதம் என்று இரட்டிப்பாக எல்லாம் போட்டாள். மறுநாள் காலையில் மதி சுருண்டு படுத்துவிட்டாள்.

"பாத்தியா? நான் நெனச்சேன். பிரியாணி இன்னைக்குத்தான் வேலையக் காட்டுது," என்றாள் அக்கா. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் அதை நம்பினேன். மோரில் பெருங்காயம் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். மதி டம்ளரை வாங்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அவளுடைய நோட்டு.

நூர்ஜஹான் அத்தை நான்கு நாளும் சட்டியில் என்னென்ன போட்டார் என்று வரிசையாக எழுதியிருந்தாள். சீரகச் சம்பா அரிசி, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, தயிர், பட்டை, கிராம்பு, துவரம்பருப்பு, மாங்காய், எல்லாம். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. அதற்கு மேலே 'செல்வி அத்தை' என்று எழுதியிருந்தாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

அன்று மாலை நூர்ஜஹானும் வந்துவிட்டார். மதி சமையலறை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா ஒவ்வொரு டப்பாவாக எடுத்து நீட்ட வேண்டும். நூர்ஜஹான் தன் வீட்டில் போட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இரண்டு வீட்டிலும் இருப்பதை மதி அடித்துக்கொண்டே வந்தாள்.

"மஞ்சப்பொடி."

"போட்டேன்."

"சீரகம். மொளகு. புளி."

"போட்டேன், போட்டேன், தால்சாவுக்குப் போட்டேன்."

"வெந்தயம்."

"போடல."

"காயம்."

"போடல."

அக்கா டப்பாவைக் கீழே வைத்தாள். "காயம் போடாமயா சமைச்ச?"

"பிரியாணிக்கும் தால்சாவுக்கும் காயம் எதுக்குக்கா? சாம்பார் வச்சாத்தான் போடுவேன். இந்த நாலு நாளும் சாம்பாரே வைக்கல."

"அப்ப காயத்து மேலயா பழி? வயித்து வலிக்கு மருந்தே அதுதானடி! பச்சப் பிள்ளைக்கே தொப்புளச் சுத்திப் பூசுறது."

மதி கேட்டாள், "அத்தை, வெந்தயம் முழு விதை, காயம்தான் பொடி. அது வந்த டப்பா எங்க? அட்டை?"

அட்டையை அக்கா தூக்கிப் போடுவதில்லை. அலமாரியில் அந்தச் சின்ன அட்டைப் பெட்டிக்குள் ஊக்குகளைப் போட்டு வைத்திருந்தாள். மதி ஊக்குகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியை என்னிடம் நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். மூன்றே பொருள்: கோதுமை மாவு, பிசின், பெருங்காயம். கோதுமை மாவுதான் முதலில்.

சுத்தமான பெருங்காயம் தாங்க முடியாத வீரியம் உள்ளது. அதனால் மாவில் கலந்துதான் பொடியாக்குகிறார்கள். கலப்படம் ஒன்றும் இல்லை, மறைக்கவும் இல்லை, அட்டையில் பளிச்சென்று அச்சிட்டிருக்கிறார்கள். நான்தான் அந்த அட்டையை வாழ்க்கையில் பார்த்ததில்லை. பயணப் பெட்டியில் மற்ற சாமான்களில் வாசம் ஏறிவிடும் என்று, ஒவ்வொரு முறை நான் ஊருக்குக் கிளம்பும்போதும் அக்கா பெருங்காயத்தை அட்டையிலிருந்து எடுத்து, எவர்சில்வர் சம்படத்தில் அடைத்து, மேலே மூன்று சுற்று டேப் ஒட்டிக் கொடுப்பாள். கடைப் பொட்டலங்கள் அத்தனையின் முதுகையும் படித்தவன் அந்தச் சம்படத்தை மட்டும் கேள்வியே கேட்காமல் திறந்திருக்கிறேன். இரண்டு வருடம், தினம் இரண்டு வேளை. வலித்தது என்று மருந்து கொடுத்தோம். அந்த மருந்தால் வலித்தது. அதற்கும் அதே மருந்தைக் கொடுத்தோம்.

அக்கா கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எங்கையாலயே... எங்கையாலயேடா..." நூர்ஜஹான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்கக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்காவின் கை மட்டுமா? ஜெர்மனியில் அந்த டப்பாவுக்குள் போன கரண்டி என் கையில்தான் இருந்தது.

மதி அழவில்லை. அட்டையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நேராகக் கிழித்தாள். என் நோட்டைத் திறந்து அதற்குள் வைத்து மூடினாள். பிறகு அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

7

திரும்பி வரும் விமானத்தில் மதியிடம் மன்னிப்புக் கேட்டேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டாள். இங்கே பரவாயில்லை என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. பரவாயில்லாதபோதுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதைச் சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தனியாக ஒரு வாணலி வாங்கினாள். பிடியில் சிவப்பு டேப். அதில் அவளே சமைத்துக்கொண்டாள்: உருளைக்கிழங்கு, முட்டை, சோறு, எப்போதாவது நூர்ஜஹான் அத்தையை வீடியோவில் கூப்பிட்டு ஒரு குட்டிப் பிரியாணி. நான் வைத்த எதையும் தொடவில்லை. கோபமாகச் சொல்லவும் இல்லை. "எனக்கு இருக்கிறது" என்று மட்டும் ஜெர்மனில் சொல்வாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் இரண்டு சமையல் சாப்பிட்டோம். ரத்தத்தில் அந்த எண் இறங்கத் தொடங்கியது. இந்த வசந்தத்தில் எல்லைக்குள் வந்துவிட்டது. டாக்டர் அம்மாள், "பார்த்தீர்களா, உங்கள் மகள் பொறுப்பான பெண்" என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்குக் கை நீளவில்லை.

அக்காவுக்கு மனம் ஆறவேயில்லை. மாவு கலக்காத கட்டிப் பெருங்காயத்தை எங்கெங்கோ தேடி வாங்கிப் பார்சலில் அனுப்பினாள். அது இங்கே சுங்க அலுவலகத்தில் நின்றுவிட்டது. கடிதம் வந்தது, போனேன். அலுவலர் கத்தரியால் உறையை வெட்டினார். இரண்டு நொடியில் மூன்று மேசைக்காரர்கள் எழுந்து ஜன்னலைத் திறந்தார்கள். பெருங்காயத்துக்கு ஜெர்மன் மொழியில் பெயர் உண்டு. பிசாசின் கழிவு என்று அர்த்தம். அந்தச் சொல்லைத்தான் பாரத்தில் எழுத வேண்டியிருந்தது.

"இதை மனிதர்கள் சாப்பிடுவார்களா?" என்றார் அலுவலர்.

"மருந்தாகக்கூட."

"உங்களுக்கு நிச்சயமாக வேண்டுமா?"

சுத்தமானதுதான் என்று தெரியும். ஆனாலும் அந்த வாசனை வந்ததும் பேனாவை எடுத்தேன். அழித்துவிடலாம் என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அக்கா தொலைபேசியில், "வந்துச்சாடா? எப்புடி இருக்கு?" என்று கேட்டாள்.

"வந்துச்சுக்கா. வாசம் தூக்கிருச்சு," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நேற்றும் ஞாயிற்றுக்கிழமை. வாணிக்குப் பகல் வேலை. ஒரு வருடம் ஆகிறது என்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. சாம்பார் வைத்தேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம் கிடைக்காததால் பெரிய வெங்காயம், முருங்கைக்காய் கிடைக்காததால் கேரட். பெருங்காயம் இல்லாத குறைக்கு நான்கு பல் பூண்டு தட்டிப் போட்டேன். ருசித்துப் பார்த்தேன், பள்ளி விடுதிச் சாம்பார் மாதிரி இருந்தது. போட்ட பொருள் ஒவ்வொன்றின் அட்டையையும் அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தி வைத்தேன். பருப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், புளி, உப்பு வரை. யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் வைத்தேன். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன், ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

ஒன்றேகாலுக்குக் கதவு திறந்தது. மதி நீச்சலிலிருந்து வந்திருந்தாள், தலை ஈரம். இந்த ஒரு வருடத்தில் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். அடுப்பைப் பார்த்தாள். அட்டைகளை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள், அவசரப்படவில்லை. கடைசியில் உப்பையும் படித்தாள். பிறகு அந்த இரண்டாவது தட்டை எடுத்துச் சோறு போட்டு, சாம்பாரை ஊற்றி, நின்றபடியே பிசைந்து ஒரு வாய் வைத்தாள். நான் மணி பார்க்கவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது வாய். நான்காவது வாய்க்குப் பிறகு தட்டை என் பக்கம் நீட்டினாள்.

"நல்லாவே இல்லப்பா," என்றாள். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க."